ஐஸ் அக்காவின் கால்கள்

மீன் மார்க்கெட்டில் வண்டி வந்து நின்றதும் எல்லோரும் பெட்டியைத் திறந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த அக்கா மட்டும் கோணியை விலக்கி ஐஸைப் பார்ப்பார். கட்டி முழுசாக இருக்கிறதா, வழியில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் மீன் பக்கம் திரும்புவார். அப்போது நான், குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்னையில் மீன் ஏற்றி, வரும் வழியில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் ஏற்றி, காலையில் காஞ்சிபுரம் கொண்டுவந்து சேர்ப்பேன். மற்ற கடைகளுக்கு ஆளுக்கு இரண்டு கட்டி. அக்காவுக்கு மூன்று.

மூன்றாவது கட்டி மீனுக்கு இல்லை. அதை மரக்கட்டையால் உடைத்து ஓர் அலுமினிய அன்னக்கூடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கூடையைப் பலகைக்கு அடியில் தள்ளி, இரண்டு கால்களையும் அதற்குள் விட்டுக்கொண்டு உட்காருவார். மீன் வாங்க வருகிறவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டுவது மட்டும்தான் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்த எங்களுக்குத்தான் மிச்சமும் தெரியும்.

பிள்ளைகளே, இது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின சங்கதி. அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை, மகளோடு மலைப்பக்கம் குடிபோய்விட்டார். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மார்க்கெட்டில் அவரை ஐஸ் அக்கா என்போம், அதுவே இங்கேயும் இருக்கட்டும். நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர் சொன்னதை இரண்டு மூன்று தரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அறிவியல் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எங்காவது தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அக்காவின் கால்கள் கணுக்காலிலிருந்து விரல் நுனி வரைக்கும் அரக்குப் பட்டு நிறத்தில் இருக்கும். எப்போதும் இல்லை. வெயில் ஏறினால், அதிக நேரம் நின்றால், கொஞ்ச தூரம் வேகமாக நடந்தால் அந்த நிறம் வந்துவிடும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு அடிக்கும். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, அடிபடவும் இல்லை. எரியும், அவ்வளவுதான். அடுப்புத் தணலை எடுத்துத் தோலுக்கு உள்ளே வைத்த மாதிரி எரியும் என்று ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றபடி தன் காலைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

செருப்புப் போட்டால் சூடு கூடும் என்று செருப்பே போடமாட்டார். அதனால் ஊரின் நிழலெல்லாம் அவருக்கு மனப்பாடம். பத்து மணிக்கு ராஜ வீதியில் எந்தப் பக்கம் நிழல், பன்னிரண்டு மணிக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் வெயில் படாமல் பஸ் ஸ்டாண்டு போகலாம் என்று ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியாத வழியெல்லாம் சொல்லுவார். வரதர் கோயிலுக்கு மழை பெய்த அன்றைக்குத்தான் போவார். கல் குளிர்ந்திருக்கும். நனைந்துகொண்டே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். என்ன பக்தி பார் என்று தெரியாதவர்கள் சொல்லுவார்கள்.

ஆனால் எங்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம் உண்டு. அவர் முன்னால் யாரும் வலிக்கிறது என்று சொல்லமுடியாது. எந்த வலியைச் சொன்னாலும் அதை எடைபோட்டு, ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவார். எதிர்க்கடைக் கருவாட்டுக்காரர் மூன்று நாள் பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அக்கா மூன்றாம் நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உனக்கு வாய் ஒண்ணுதான் வலிக்குது. அதையும் மூடிக்கினு இருந்தா எங்க காதாவது வலிக்காம இருக்கும்."

ஒருநாள் ஐஸ் கட்டி நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"நகம்தான? அது வளந்துக்கும்."

சொல்லும்போதே அவர் கை ஒரு துண்டு ஐஸை ஈரத்துணியில் சுற்றி என் பக்கம் நீட்டியது. கருவாட்டுக்காரருக்கும் அப்படித்தான் கன்னத்துக்கு ஐஸ் போனது. வாய் இல்லை என்று சொல்லும், கை கொடுக்கும். இந்த இரண்டில் எதை வைத்து அவரை எடைபோடுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஐஸை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்வோம்.

புரட்டாசி மாதம்தான் அவருக்குச் சோதனை. எங்கள் ஊரில் பெருமாள் மாதம் என்று பாதி ஜனம் மீன் தொடாது. மார்க்கெட் காற்று வாங்கும். நானும் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வண்டி எடுப்பேன், ஐஸும் அதிகம் ஏறாது. அக்கா போன் பண்ணுவார். "மீன் வேணாம்பா. ஐஸ் மட்டும் எடுத்துக்கினு வா." ஐஸ் கம்பெனிக்காரர் என்னைக் கேலி பண்ணினார். மீனே இல்லாமல் ஐஸ் வாங்கிக்கொண்டு போகிறாயே, உங்கள் ஊரில் ஐஸையே வறுத்துத் தின்கிறார்களா என்றார். அதை அக்காவிடம் வந்து சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கொழம்பு வெக்கிறோம்னு சொல்லு."

அப்படி ஒரு புரட்டாசியில், ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், தீ மிதித்த கதையைச் சொன்னார்.

அவர் பிறந்த ஊர் முசரவாக்கம் பக்கம். சின்ன வயதிலேயே எரிச்சல் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பிரிவேளை முடிந்ததும் குழாயடியில் போய்க் காலைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். நடிக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். களையெடுக்கப் போனால் வரப்பில் உட்கார்ந்து வாய்க்காலில் காலை விடுவாராம். வேலைக்குப் பயந்துகொண்டு நடிக்கிறாள் என்று அண்ணி சொன்னாள். வைத்தியரிடம் காட்டினார்கள். காலில் ஒன்றுமே இல்லையே என்று எண்ணெய் கொடுத்து அனுப்பிவிட்டார். கடைசியில் யாரோ, இது அம்மனுடைய சூடு, பதினாறு வயது ஆகும்போது திரௌபதியம்மனுக்குத் தீ மிதித்தால் இறங்கிவிடும் என்று சொல்ல, அவருடைய அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார்.

பதினாறு வயதில் மிதித்தார். மஞ்சள் சேலை கட்டி, கையில் வேப்பிலையோடு, தணல் மேலே நடந்து போனார். அந்தப் பக்கம் போனதும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவர் காலில் விழுந்தார்களாம். நடிக்கிறாள் என்று சொன்ன அண்ணியும் விழுந்தாளாம்.

நெருப்பு எப்படி இருந்தது என்று நான் கேட்டேன்.

"நெருப்ப வுடுப்பா. அது தெனம் பாக்கறதுதான. தீக்குழி தாண்டுனா பால்குழி வெப்பாங்க பாரு, பாலும் தண்ணியும் ஊத்தி. அதுல காலை வெச்சேன். ஏற மனசே வரல. பின்னாடி வர்றவங்க நிக்கிறாங்க, ஏறும்மா ஏறும்மான்றாங்க. நா ஏறல. பூசாரி வந்து கையப் புடிச்சித் தூக்கி வுட்டாரு."

சூடு இறங்கவில்லை. ஆனால் குளிர்ச்சியாக ஒன்றில் காலை வைத்துக்கொண்டு பிழைக்கிற மாதிரி ஒரு தொழில் வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாராம். கல்யாணம் ஆகிக் காஞ்சிபுரம் வந்த பிறகு மீன் கடையைப் பார்த்திருக்கிறார். கடையை விட அதில் இருந்த ஐஸைப் பார்த்தேன் என்றுதான் சொன்னார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். கடையும் மகளும் அக்கா பொறுப்பு.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். அதிகம் பேசாத பிள்ளை. சித்திரை வெயிலில் ஒருநாள், பரீட்சை நேரம், அரைநாள்தான் பள்ளி. பன்னிரண்டரைக்கு வந்தது. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அன்னக்கூடையில் அம்மா காலுக்குப் பக்கத்தில் தன் காலையும் விட்டது. நான் அப்போது காலிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"எடு காலை," என்றார் அக்கா.

"எரியுதும்மா."

"நடிக்காத. ஏந்து அந்தாண்ட போ."

பிள்ளை காலை எடுத்துக்கொண்டது. அக்கா அன்னக்கூடையைத் தன் காலோடு பலகைக்கு உள்ளே இன்னும் தள்ளினார். கருவாட்டுக்காரர் சமாதானத்துக்கு, அம்மா செய்வதைப் பார்த்து அதுவும் செய்கிறது, விடும்மா என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா ஷேவ் பண்ணினால் பிள்ளை முகத்தில் சோப்பு தடவிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையின் கால் என்ன நிறத்தில் இருந்தது என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் பிள்ளை அன்னக்கூடைப் பக்கம் வரவில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் என் வண்டி நிற்கும். சாயங்கால ஓட்டத்துக்கு வேண்டிய இரண்டு கட்டிகளை உமி போட்டுக் கோணி மூடி வைத்திருப்பேன். ஒருநாள் கோணியை எடுத்தால் மேல்கட்டியில் இரண்டு குழி. பக்கத்தில் பக்கத்தில், சின்னதாக, ஒரு விரல்கடை ஆழம். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. எந்த அளவுக் கால் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. விளையாடுகிறது, சொன்னால் அக்கா அடிப்பார் என்று சும்மா இருந்துவிட்டேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று என் மனசில் எண்ணம்.

ஐந்தாம் நாள் கொட்டகைக்குப் போனபோது பிள்ளை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு காலும் ஐஸ் மேல் இருந்தன. இறங்கு என்றேன். இறங்கப் பார்த்தது, முடியவில்லை. தூக்கி இறக்கினேன். உள்ளங்கால் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையாக இருந்தது. கட்டை மாதிரி விறைத்திருந்தது.

"இப்ப எரியல மாமா," என்றது. சந்தோஷமாகத்தான் சொன்னது.

தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்கா காலைப் பார்த்தார். பிள்ளையைத் திட்டவில்லை. எங்கே இருந்தாள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். பிள்ளையைக் கருவாட்டுக்காரர் மடியில் உட்காரவைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்து கோணியைத் தூக்கினார். அந்தக் குழியில் தன் கையை வைத்துப் பார்த்தார். ஐந்து நாளாகக் குழி விழுகிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னேன்.

"இவ்ளோ கொழி வுழ எவ்ளோ நேரம் ஆவும்னு எனக்குத் தெரியும்பா," என்றார். "வெளாட்டுக்கு எந்தப் புள்ளையும் இவ்ளோ நேரம் வெக்காது."

கையை எடுக்கவில்லை. ஐஸைப் பார்த்துக்கொண்டே, "நா ஒத்துக்கினா அது நெஜமாயிடும்னு நெனச்சேன்," என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளையின் காலுக்கு ரத்தம் திரும்பிவிட்டது. அதோடு கொப்புளமும் எழும்பியது. அங்கே இருந்த இளம் டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, பிள்ளை ஏன் ஐஸில் காலை வைத்தது என்று கேட்டார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் காலைக் காட்டினார். பாதம் முழுக்கத் தோல் ஊறி, வெடித்து, ஆறி, மறுபடி வெடித்த தழும்பு. டாக்டர் இரண்டு பேர் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சென்னையில் நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு திங்கள்கிழமை மூன்று பேரும் என் வண்டியில் போனோம். அந்த டாக்டர் ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். அவசரப்படாமல் கேட்டார். எப்போது எரியும், எவ்வளவு நேரம், குடும்பத்தில் வேறு யாருக்கு என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லச் சொன்னார். ஒன்று என்றால் லேசான வலி, பத்து என்றால் இதற்கு மேல் தாங்கமுடியாது. உங்களுக்கு எத்தனை?

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் அக்காவிடம் யாரும் கேட்டதில்லை என்பது அவர் விழித்த விழியிலேயே தெரிந்தது. மகளைப் பார்த்தார்.

"நாலு," என்றார்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பாப்பாவுக்கு எத்தனை?

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. "மூணு."

அதையும் எழுதிக்கொண்டார். இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு ஆராய்ச்சிக்காகப் பரிசோதனை செய்கிறோம், முடிவு வர ஆறு வாரம் ஆகும் என்று அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். அக்கா முகம் கழுவப் போனார். பிள்ளை வண்டி ஜன்னலில் காலை வெளியே நீட்டிக் காற்றில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கால் அரக்காகச் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர். மூன்று என்று சொன்னாயே, இது மூன்றா என்று கேட்டேன்.

"அம்மாக்கே நாலுதான மாமா. எனக்கு எப்டி அதுக்கு மேல இருக்கும்?"

இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. ஆனால் உடனே சொல்லவும் தைரியம் வரவில்லை. நாலு நாள் கழித்து, கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பிள்ளை சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒரு பாறை மீனின் தலையைப் பிளந்துகொண்டிருந்தார். பிளந்து, கழுவி, பையில் போட்டு, வாங்க வந்தவரை அனுப்பினார். பிறகு கத்தியைத் துடைத்தார்.

"பத்துன்னு சொல்லிட்டு அவ முன்னாடி எப்டிப்பா குந்திக்கினு இருக்கறது? நாளைக்கு உனக்கும் இதான்னு சொன்ன மாதிரி ஆவாதா?"

நான் காலிப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டேன். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதுகிறேன்.

நம் உடம்பில் வலியைச் சுமந்துகொண்டு போவதற்கென்றே மெல்லிய நரம்பு இழைகள் இருக்கின்றன. பட்டு இழையெல்லாம் அதற்கு முன்னால் கயிறு. அந்த இழையின் மேல்தோலில் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத கதவுகள். வெளியே சோடியம் காத்துக்கொண்டு நிற்கிறது. சமையல் உப்பில் இருக்கிறதே, அதே சோடியம்தான். காலில் சூடு பட்டால் ஒரு கதவு திறக்கும், சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலில் பக்கத்துக் கதவு திறக்கும், அதில் அடுத்தது. இப்படியே காலிலிருந்து முதுகுத்தண்டு வரைக்கும் ஓடி, அங்கிருந்து மூளைக்குச் சேதி போகும், சுடுகிறது, காலை எடு என்று. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். திறந்த கதவு உடனே மூடிக்கொள்ள வேண்டும். மூடினால்தான் சேதி நிற்கும்.

அக்காவுக்கும் மகளுக்கும் அந்தக் கதவு செய்த விதத்தில் ஒரு சின்னப் பிசகு. பலமாகத் தட்டினால்தான் திறக்கவேண்டிய கதவு லேசாகத் தட்டினாலே திறந்துகொள்கிறது. திறந்தது சீக்கிரம் மூடுவதும் இல்லை. அதனால் வெயில் கொஞ்சம் ஏறினாலே, ஷூவுக்குள் கால் கொஞ்சம் புழுங்கினாலே, அந்த இழை தீப்பட்ட மாதிரி சேதியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. காலில் தீ இல்லை. சேதி மட்டும் நிஜம். மூளைக்கு அது போதும், எரியும்.

கதவு எப்படிச் செய்யவேண்டும் என்று உடம்புக்குள் எழுதி வைத்திருக்கிறது, அந்த எழுத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது என்றார் டாக்டர். அக்கா யோசித்தார்.

"ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்டை தப்பா வுழுந்துட்ட மாதிரியாம்மா?"

டாக்டருக்கு அது தெரியவில்லை. தறியில் பூ போடுவதற்கு ஓட்டை போட்ட அட்டைகள் உண்டு, ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே தூக்கும் என்று அக்கா சொன்னார். ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால், தூக்கக்கூடாத இழை தூக்கிக்கொள்ளும். சேலை முழுக்க ஒவ்வொரு அன்னத்துக்கும் மூக்கில் ஒரு நூல் நிற்கும். நெய்கிறவன் மேல் தப்பே இல்லை. அந்த அட்டையைப் பார்த்து வேறு தறிக்கு அட்டை அடித்தால் அங்கேயும் அதே நூல். டாக்டர் அதேதான் என்றார். அம்மா பக்கத்து அட்டையில் ஒன்று, அப்பா பக்கத்து அட்டையில் ஒன்று என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிறது, உங்களிடம் இருக்கிற இரண்டு அட்டையில் தப்பான அட்டை இவளுக்கு வந்துவிட்டது, வராமலும் போயிருக்கலாம், நீங்கள் செய்தது ஒன்றுமில்லை என்றார்.

இதற்கு நேர் எதிரான பிசகும் உண்டாம். அதே கதவு திறக்கவே திறக்காத பிள்ளைகள். அவர்களுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. வாசனையும் தெரியாது, மூக்கு நரம்புக்கும் அந்தக் கதவுதான் வேண்டுமாம்.

"மீன் நாத்தமும் தெரியாதா? குடுத்து வெச்சவங்க," என்றார் அக்கா.

டாக்டர் சிரித்தார். இல்லையம்மா, அந்தப் பிள்ளைகள் நாக்கையே கடித்துக்கொள்ளும், எலும்பு முறிந்த காலோடு ஓடும், கொதிக்கிற பாத்திரத்தில் கை வைத்துக்கொண்டு நிற்கும், பெரியவர்களாவதற்குள் உடம்பெல்லாம் காயம் என்றார். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அடுத்துச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஐஸ் கூடாது. இத்தனை வருஷம் காலைக் காப்பாற்றியதாக அவர் நினைத்த ஐஸ்தான் தோலைக் கெடுத்திருக்கிறது. ஃபேன் காற்று, ஈரத்துணி, கொஞ்ச நேரம் சாதாரணத் தண்ணீர், அவ்வளவுதான். அதோடு ஒரு மாத்திரை. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான், அது அந்தக் கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். எல்லோருக்கும் கேட்காது, இந்த வகைப் பிசகுக்குக் கேட்க வாய்ப்பு உண்டு, போட்டுப் பார்ப்போம் என்று அக்காவுக்கு எழுதினார். பிறகு மகளின் காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு மூணுதான் போட்டிருக்கு. சின்னப் பிள்ளை, இந்த மாத்திரைக்கு அடிக்கடி ரத்தம் பாக்கணும், தூக்கமா வரும். மூணுக்காக இப்ப வேணாம். ஒரு ஆறு மாசம் பாப்போம்."

பிள்ளை தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு மாதமும் பள்ளிக்கூடம் இருக்கும், வெயில் இன்னும் மிச்சம் இருக்கும், ஷூ போடவேண்டும். அது மூன்றே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அக்கா பேசினார்.

"அம்மா, அந்த நாலை அடிச்சிடுங்க."

"எந்த நாலு?"

"என்னுது. பத்து போட்டுக்கோங்க." குரலில் ஒரு மாற்றமும் இல்லை, மீன் விலை சொல்கிற குரல்தான். "இவ வயசுலேர்ந்து பத்துதான். மழ பேயற அன்னிக்கு எட்டு."

டாக்டர் நாலை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தது.

"நெஜமாவாம்மா?"

"நெஜமாதான்."

பிள்ளை மறுபடி குனிந்து தன் காலைப் பார்த்தது.

"அப்பன்னா எனக்கு ஒம்போது," என்றது.

டாக்டரின் பேனா நின்றது. இந்த எண்ணை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தார்.

"என்ன ஏம்மா பாக்கறீங்க?" என்றார் அக்கா. "அவ காலு. அவ சொல்றத எழுதிக்கோங்க."